மங்கள்யானுக்கு 450 கோடி, ஒரகடம் கார் ஆலைக்கு 4,500 கோடி: செவ்வாய்க்குப் போற பணக் கணக்கு என்ன?

2014 செப்டம்பர் 24 காலையில் மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் நுழைந்தது. முதல் முயற்சியிலேயே அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்த முதல் நாடு இந்தியா. நாடே கொண்டாடியது. சரியாக 38 நாள் கழித்து, நவம்பர் 1-ம் தேதி, ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் உற்பத்தி நின்றது. உச்சத்தில் சுமார் 8,000 பேருக்கு நேரடியாக வேலை கொடுத்த ஆலை அது. வரிப் பிரச்னையில் சிக்கி, மைக்ரோசாஃப்ட் வாங்கிய லிஸ்டிலும் சேராமல், அப்படியே இழுத்து மூடப்பட்டது.

இந்த இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனாலும் அந்த வருஷம் டீக்கடையிலும் ஃபேஸ்புக்கிலும் ஓடிய கேள்வி ஒண்ணுதான்: "ராக்கெட் விடுற காசுல நாலு ஃபேக்டரி கட்டலாமே?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால், கணக்குப் போட்டுப் பார்த்தால் பதில் கொஞ்சம் வேற மாதிரி வருது.

மங்கள்யானின் மொத்த பட்ஜெட் 450 கோடி ரூபாய். 2010-ல் ஒரகடத்தில் திறக்கப்பட்ட ரெனோ-நிசான் ஆலைக்கு (2025-ல் இருந்து அது முழுக்க ரெனோ கையில்) அறிவிக்கப்பட்ட முதலீடு 4,500 கோடி. அதாவது, செவ்வாய்க்குப் போன காசில் நாலு ஃபேக்டரி இல்லை, ஒரகடம் சைஸ் ஆலையில் பத்தில் ஒரு பங்குதான் கட்டியிருக்க முடியும். நாட்டு மக்கள்தொகையால் வகுத்தால் ஒரு ஆளுக்கு 4 ரூபாய்கூட வராது.

சரி, அவ்வளவு கம்மியான காசில் எப்படி முடிஞ்சுது? அடுத்த செவ்வாய்ப் பயணம் ஏன் இன்னும் கிளம்பலை? இருங்காட்டுக்கோட்டையிலும் சுங்குவார்சத்திரத்திலும் கம்பெனி பஸ் பிடிக்கும் ஒரு ஆளுக்கு இதில் ஏதாவது இருக்கா?

26 மாசத்துக்கு ஒரு பஸ்

செவ்வாய்த் திட்டத்தின் முதலாளி இஸ்ரோவும் இல்லை, நிதியமைச்சகமும் இல்லை. கிரகங்களோட டைம்டேபிள்தான்.

பூமியும் செவ்வாயும் சூரியனை வேறு வேறு வேகத்தில் சுற்றுகின்றன. குறைந்த எரிபொருளில் இங்கிருந்து அங்கே போகத் தோதான நிலை சுமார் 26 மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். அது சில வாரங்கள் திறந்திருக்கும் ஜன்னல். தவறவிட்டால் அடுத்த 26 மாதம் ஸ்டாண்டில் நிற்க வேண்டியதுதான். நிற்கும் காலத்திலும் சம்பளம் ஓடும், விண்கலத்தைச் சுத்தமான அறையில் வைத்துப் பராமரிக்கும் செலவும் ஓடும்.

அதனால் செவ்வாய்த் திட்டத்தை எப்போதும் பின்னாலிருந்து முன்னால்தான் போடுவார்கள். கிளம்பும் தேதி முதலில் ஃபிக்ஸ். அதிலிருந்து பின்னோக்கி வந்து, எப்போது சோதனை, எப்போது அசெம்பிளி, எப்போது ஆர்டர், எப்போது அமைச்சரவை ஒப்புதல் என்று பார்ப்பார்கள்.

மங்கள்யானுக்கு இந்தக் கணக்கு ரொம்ப டைட்டாக இருந்தது. 2012 பட்ஜெட்டில் முதல் தவணையாக 125 கோடி ஒதுக்கினார்கள். மத்திய அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது 2012 ஆகஸ்ட் 3. பிரதமர் மன்மோகன் சிங் செங்கோட்டையில் அறிவித்தது ஆகஸ்ட் 15. ஜன்னல் திறப்பதோ 2013 அக்டோபர் இறுதியில். கையில் இருந்தது 15 மாதம். ஒரு புது கார் மாடலைக்கூட இந்த அவகாசத்தில் ஷோரூமுக்குக் கொண்டுவருவது கஷ்டம்.

இதில் இன்னொரு சிக்கல். பெரிய ராக்கெட்டான ஜிஎஸ்எல்வி 2010-ல் இரண்டு முறை தோற்றிருந்தது. ஆகவே நம்பகமான, ஆனால் சின்ன ராக்கெட்டான பிஎஸ்எல்வியைத்தான் பயன்படுத்த முடியும். அதற்கு விண்கலத்தை நேரே செவ்வாய்ப் பாதையில் தள்ளிவிடும் சக்தி இல்லை. அதனால் விண்கலம் பூமியையே பலமுறை சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் தன் எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துப் பாதையைப் பெரிதாக்கி, டிசம்பர் 1 அதிகாலையில்தான் செவ்வாய் நோக்கிக் கிளம்பியது. கவண்கல்லைச் சுழற்றிச் சுழற்றி விடுவது போல.

தேதியைக் கடைசி நேரத்தில் ஆட்டம் காட்டியது ராக்கெட்கூட இல்லை, ஒரு கப்பல்! ராக்கெட்டின் கடைசிக் கட்டம் தென் பசிபிக் கடலுக்கு மேலே நடக்கும். அங்கே இந்தியாவுக்குத் தரை நிலையம் கிடையாது. அதனால் நாலந்தா, யமுனா என்ற இரண்டு ஷிப்பிங் கார்ப்பரேஷன் கப்பல்களில் ஆன்டெனாவை ஏற்றி அனுப்பினார்கள். மோசமான வானிலையால் நாலந்தா லேட். அக்டோபர் 28 என்றிருந்த ஏவுதல் நவம்பர் 5-க்குத் தள்ளிப் போனது. ஜன்னல் நவம்பர் 19 வரைதான். இன்னும் இரண்டு வாரம் இழுத்திருந்தால் எல்லாம் 2016-க்குப் போயிருக்கும்.

450 கோடி எங்கே போச்சு?

செவ்வாய்க்கு யாரும் பணத்தை மூட்டை கட்டி அனுப்புவதில்லை. எல்லாமே பூமியில்தான் செலவாகுது. பட்ஜெட்டில் விண்கலத்துக்கு மட்டும் 153 கோடி. மீதி ராக்கெட், தரை நிலையங்கள், தகவல் தொடர்பு வசதிகள். பெங்களூரு அருகே பியாலாலுவில் உள்ள 32 மீட்டர் ஆன்டெனா போன்றவை சந்திரயானுக்கும் வேலை செய்தன, மங்கள்யானுக்கும் வேலை செய்தன, இனி வருவதற்கும் வேலை செய்யும்.

பிரதமர் மோடி அப்போது சொன்ன 'கிராவிட்டி' படத்தைவிடக் கம்மி, கிலோமீட்டருக்கு 7 ரூபாய், ஆட்டோவைவிடக் கம்மி என்ற ஒப்பீடுகள் இன்னும் ஃபார்வர்டில் சுற்றுகின்றன. 65 கோடி கிலோமீட்டர், 450 கோடி ரூபாய். வகுத்தால் கணக்கு சரிதான். ஆனால் அது எதையும் விளக்கலை.

உண்மையான ஒப்பீடு, மங்கள்யானுக்கு இரண்டு நாள் முன்பு செவ்வாயை எட்டிய நாசாவின் மேவன். அதன் செலவு 67.1 கோடி டாலர். அதில் ராக்கெட்டுக்கு மட்டும் 18 கோடி டாலருக்கு மேல். அன்றைய மதிப்பில் ஆயிரத்து நூறு கோடி ரூபாய்க்கும் மேல். அவர்களுடைய வண்டி வாடகையே நம்முடைய மொத்தச் செலவைப் போல இரண்டு மடங்கு!

நமக்கு ஏன் கம்மி? சொந்த ராக்கெட். சந்திரயான்-1 அடிப்படையில் ஏற்கெனவே இருந்த விண்கல வடிவமைப்பையே மாற்றிப் பயன்படுத்தியது. இந்தியச் சம்பளம். தரைச் சோதனைகளின் எண்ணிக்கையைக் குறைத்தது. எல்லாவற்றையும்விட முக்கியம், எடுத்துச் சென்ற கருவிகளின் எடை. ஐந்து கருவிகள், எல்லாம் சேர்த்து சுமார் 15 கிலோ. நம்ம வீட்டு சிலிண்டருக்குள் இருக்கும் கேஸைவிட ஒரு கிலோ அதிகம், அவ்வளவுதான்.

இங்கேதான் நாம் பெருமைப்படுவதோடு சேர்த்து ஒரு விஷயத்தைப் பேசணும். ஐந்து கருவிகளில் ரொம்ப எதிர்பார்க்கப்பட்டது மீத்தேன் சென்சார். மீத்தேன் இருந்தால் உயிர் இருந்ததற்கான தடயமாக இருக்கலாம் என்பதால். ஆனால், அந்தக் கருவியின் வடிவமைப்பால் மீத்தேனின் தடயத்தை நம்பகமாகப் பிரித்துக் காட்ட முடியவில்லை. பிறகு அதன் தரவை செவ்வாய் மேற்பரப்பு எவ்வளவு ஒளியைப் பிரதிபலிக்கிறது என்று பார்க்கப் பயன்படுத்தினார்கள். 15 மாதத்தில், குறைந்த காசில் செய்வதன் விலை இப்படித்தான் வரும். செவ்வாயை எட்டுவதும், அங்கே போய் நல்ல அறிவியல் செய்வதும் இரண்டு தனித்தனி பட்ஜெட்.

அதற்காகக் குறைத்துப் பேசவும் முடியாது. ஆறு மாத ஆயுளுக்குச் செய்த விண்கலம் ஏறத்தாழ எட்டு வருஷம் ஓடியது. 2022 ஏப்ரலில் தொடர்பு அறுந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம்கூட இல்லாத கிரகண இருட்டைத் தாங்கும்படி வடிவமைத்த பேட்டரியை, ஏழரை மணி நேர இருட்டு வந்து மடக்கியது. எரிபொருளும் தீர்ந்துபோயிருந்தது. திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர். மேலே இருந்து வழிநடத்திய மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சி பக்கம் கோதவாடி. பிஎஸ்எல்வியின் திரவ எஞ்சின்களைச் சோதிப்பது மகேந்திரகிரியில். ஆளும் சோதனையும் தமிழ்நாட்டில் நிறைய இருந்தன. ஆனால் நம்ம காரிடார் அந்தக் கதையில் பெரிதாக இல்லை. ஏன்?

"எத்தனை பீஸ் சார்?"

ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் பெல்ட்டில் எந்த ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு டிராயிங் கொண்டு போனாலும், முதல் கேள்வி மெட்டீரியல் என்ன என்பதுகூட இருக்காது. "எத்தனை பீஸ்?" என்பதாகத்தான் இருக்கும்.

கேட்பதில் தப்பே இல்லை. உதாரணத்துக்கு, ஒரு டை செய்ய 20 லட்சம் ஆகிறது என்று வையுங்கள். அதில் 2 லட்சம் பாகம் அடித்தால் ஒரு பாகத்தின் மேல் விழும் டை செலவு 10 ரூபாய். நாலே நாலு பாகம் அடித்தால் ஒரு பாகத்துக்கு 5 லட்சம். ஹூண்டாய்க்கோ ராயல் என்ஃபீல்டுக்கோ சப்ளை செய்பவர் வாழ்வது முதல் கணக்கில். செவ்வாய் விண்கலம் செய்பவர் வாழ்வது இரண்டாவது கணக்கில்.

இன்னொரு வித்தியாசம், தரம் என்ற சொல்லுக்கே இரண்டு இடத்திலும் அர்த்தம் வேற. கார் உலகத்தில் பத்து லட்சத்துக்கு எத்தனை ரிஜெக்ட் என்று எண்ணுவார்கள். பழுதானால் சர்வீஸ் சென்டர் இருக்கு, ரொம்ப மோசமானால் ரீகால். செவ்வாய்க்குப் போனதை ரீகால் செய்ய முடியாது. மங்கள்யானின் முக்கிய எஞ்சினை எடுத்துக்கோங்க. பூமியை விட்டுக் கிளம்பிய பிறகு கிட்டத்தட்ட 300 நாள் தூங்கிய எஞ்சின் அது. 2014 செப்டம்பர் 22 அன்று நாலு விநாடி மட்டும் எரித்துப் பார்த்தார்கள். எரிந்தது. 24-ம் தேதி சுமார் 24 நிமிடம் எரிய வேண்டும், அதுவும் சிக்னல் வந்துசேர 12 நிமிடத்துக்கு மேல் ஆகும் தூரத்தில், பெரும்பகுதி நேரம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்துகொண்டு. முதல் எரிபொருள் வழி அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று இன்னொரு வழியை முன்கூட்டியே பொருத்தியிருந்தார்கள். இப்படி ஒவ்வொரு பாகத்துக்கும் மூலப்பொருள் வந்த நாள் முதல் யார் தொட்டார்கள், என்ன சோதனை என்று பேப்பர் வேண்டும். பாகத்தைவிட ஃபைல் கனமா இருக்கும் என்று சொன்னால் அது ஜோக் இல்லை.

அதனால்தான் விண்வெளி ஆர்டர்கள் பழகிய கைகளுக்கே போயின. மங்கள்யானின் உடற்கூட்டைச் செய்து கொடுத்தது எச்ஏஎல். ராக்கெட் பாகங்களில் எல் அண்ட் டி, கோத்ரெஜ் மாதிரியான நிறுவனங்கள் பல வருஷமாக இருக்கின்றன. புதிதாக உள்ளே வரும் ஒரு நடுத்தர யூனிட்டுக்கு, தகுதிச் சான்று வாங்கிக் காத்திருக்கும் காலம்தான் பெரிய முதலீடு. அந்தக் காலத்தில் இஎம்ஐ நிற்காது.

பழைய போனோட சிப் செவ்வாயில் பறந்தது

ஆனால், இந்தக் கதையில் ஒரு திருப்பம் இருக்கு. போன் செய்யும் ஊர் என்பதால் நமக்கு இது முக்கியம்.

2021-ல் நாசாவின் பெர்சிவரன்ஸ் ரோவர் செவ்வாயில் இறங்கியது. செலவு சுமார் 270 கோடி டாலர். அதன் மூளையாக இருந்த கதிர்வீச்சைத் தாங்கும் கம்ப்யூட்டர் சிப், 1990-களின் இறுதியில் வந்த ஆப்பிள் கம்ப்யூட்டர்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. பழசு, மெதுவானது, ஆனால் நம்பகமானது. அந்த ரோவரின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு போன இன்ஜெனுவிட்டி என்ற குட்டி ஹெலிகாப்டரின் மூளையோ, ஸ்னாப்டிராகன் 801. ஆமாம், முதல் ஒன்பிளஸ் போனிலும் கேலக்ஸி எஸ்5-லும் இருந்த அதே வகை. பேட்டரி, சோனியின் சாதாரண லித்தியம் அயன் செல் ஆறு. உயரம் அளக்கும் லேசர் கருவி, யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் ஆர்டர் செய்யக்கூடியது.

செலவு சுமார் 8.5 கோடி டாலர். ஐந்து முறை பறந்தால் போதும் என்றுதான் அனுப்பினார்கள். 2024 ஜனவரிக்குள் 72 முறை பறந்துவிட்டது.

இதன் அர்த்தம் நாளைக்கே ஐபோன் லைனில் இருந்து ரோவர் இறங்கும் என்பது இல்லை. லட்சக்கணக்கில் செய்யப்படும் பாகங்களும் சில இடங்களில் தாங்கும், தோற்றாலும் முக்கிய வேலை நிற்காது என்ற இடத்தில் அவற்றைத் துணிந்து வைக்கலாம் என்பதுதான். திட்டமிடுபவர்களின் மொழியில் இது ரிஸ்க்கைப் பங்கு போடுவது. நாசா 2025 நவம்பரில் அனுப்பிய எஸ்கபேட் இரட்டை விண்கலங்கள் இதே வழிதான். இரண்டும் சேர்ந்து 8 கோடி டாலருக்குள். வழக்கமான ஜன்னலுக்குக் காத்திருக்காமல் முன்கூட்டியே கிளம்பி, விண்வெளியிலேயே ஒரு இடத்தில் சுற்றிக்கொண்டு, 2026 இறுதியில் செவ்வாய்க்குத் திரும்பும் ஏற்பாடு.

பெரிய திட்டங்கள் எங்கே போய் முட்டும் என்பதற்கும் நாசாவிடமே உதாரணம் இருக்கு. பெர்சிவரன்ஸ் சேகரித்த மண், பாறை மாதிரிகளைப் பூமிக்குக் கொண்டுவரும் திட்டத்தின் மதிப்பீடு 1,100 கோடி டாலர் வரை போனது. மாதிரிகள் வந்துசேர 2040 ஆகும் என்றார்கள். 2024-ல் நாசாவே "இந்த விலை கட்டுப்படியாகாது, வேற வழி சொல்லுங்க" என்று நிறுவனங்களிடம் கேட்க வேண்டிய நிலைமை.

அப்போ நம்ம ஏரியாவுக்கு என்ன?

நேராகச் சொல்லிடலாம். செவ்வாய்ப் பயணம் ஒன்றை மட்டும் நம்பி ஒரகடத்தில் யாரும் ஷெட் போடக் கூடாது. பத்து வருஷத்துக்கு ஒரு ஆர்டர் வரும் தொழிலில் சம்பளம் கொடுக்க முடியாது.

கதவு திறப்பது திரும்பத் திரும்ப வரும் ஆர்டரில். ஐந்து பிஎஸ்எல்வி ராக்கெட்டுகளைச் செய்து தர எச்ஏஎல் - எல் அண்ட் டி கூட்டணிக்கு 2022-ல் 860 கோடி ரூபாய் ஒப்பந்தம் போடப்பட்டது. சின்ன ராக்கெட்டான எஸ்எஸ்எல்வியின் தொழில்நுட்பத்தை 2025-ல் எச்ஏஎல் ஏலத்தில் எடுத்தது. அந்த எஸ்எஸ்எல்விக்காகத்தான் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் வருகிறது. ஐஐடி மெட்ராஸில் பிறந்த அக்னிகுல், 3டி பிரின்ட் செய்த எஞ்சினோடு 2024 மே 30-ல் சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டது. இங்கேதான் "எத்தனை பீஸ்?" என்ற கேள்விக்கு ஓரளவு மரியாதையான பதில் கிடைக்கும்.

காரிடாரிடம் இதற்குத் தேவையானது நிறையவே இருக்கு. துல்லியமான சிஎன்சி வேலை, எலெக்ட்ரானிக் போர்டில் பாகம் பொருத்தும் லைன்கள், வயரிங் ஹார்னஸ், டூல் ரூம் அனுபவம். ஒரகடத்தில் உள்ள மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையத்தில் மின்காந்தக் குறுக்கீட்டுச் சோதனை வசதி உண்டு. கார்களுக்காகக் கட்டியதுதான், ஆனால் அதில் பழகிய டெக்னீஷியனின் அறிவு விண்கல ஆய்வகத்துக்கும் பொருந்தும். வல்லம் வடகாலில் சிப்காட் ஏரோஸ்பேஸ் பார்க்குக்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறது.

மாநில அரசின் விண்வெளித் தொழில் கொள்கை 2025 ஏப்ரலில் அமைச்சரவை ஒப்புதல் பெற்றது. ஐந்து வருஷத்தில் 10,000 கோடி முதலீடு, 10,000 வேலை என்பது இலக்கு. இந்த இரண்டு எண்ணையும் கொஞ்சம் நிறுத்திப் படிங்க. ஒரு வேலைக்கு ஒரு கோடி ரூபாய் முதலீடு. ஐந்து வருஷத்தில் மாநிலம் முழுவதும் வரப்போகும் வேலைகள், நோக்கியா என்ற ஒரே ஆலை உச்சத்தில் நேரடியாகக் கொடுத்ததைவிட 2,000தான் அதிகம். சிறப்புச் சலுகையுள்ள 'ஸ்பேஸ் பே' பகுதிகளும் மதுரை, தூத்துக்குடி, திருநெல்வேலி, விருதுநகர் என்று தெற்கை நோக்கியே இருக்கின்றன. ஏவுதளம் அங்கே என்பதால் அதில் நியாயம் இருக்கு. ஆனால், பிளஸ் டூ முடித்துவிட்டு போன் அசெம்பிளி லைனில் நிற்கும் பெண்ணுக்கு இது மாற்று வேலை ஆகாது. டிப்ளமோ, ஐடிஐ, இன்ஜினீயரிங் படித்து ட்ரெயினியாக சுற்றிக்கொண்டிருப்பவருக்கு ஆகலாம். அரசியல் மேடைகளில் இந்த வித்தியாசம் காணாமல் போவதுதான் எனக்கு உறுத்துது.

மங்கள்யான்-2 எங்கே?

அடுத்த முறை சுற்றிவிட்டு வருவதில்லை, இறங்கணும் என்பதுதான் இஸ்ரோவின் எண்ணம். செலவு அங்கேதான் எகிறும். செவ்வாயின் காற்று பூமியுடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. எரிந்துபோகும் அளவுக்குச் சூடாக்கும், ஆனால் பாராசூட்டை மட்டும் நம்பி இறங்கும் அளவுக்குத் தாங்காது. வெப்பக் கவசம், ஒலியைவிட வேகமாகப் போகும்போது விரியும் பாராசூட், கடைசியில் எஞ்சின் என மூன்றும் வரிசையாக, பூமியின் உதவி இல்லாமல் தானாகவே வேலை செய்யணும். சந்திரயான்-2 தரையிறங்கும்போது நொறுங்கிய பிறகு, விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் தலைமையில் சந்திரயான்-3 இறங்க நாலு வருஷமும் 615 கோடியும் ஆனது. அதுவும் காற்றே இல்லாத நிலாவில்.

2024 செப்டம்பர் 18 அன்று மத்திய அமைச்சரவை விண்வெளித் திட்டங்களுக்குக் கொத்தாக ஒப்புதல் கொடுத்தது. நிலாவில் இருந்து மண் எடுத்துவரும் சந்திரயான்-4-க்கு 2,104 கோடி. வெள்ளிக் கிரகப் பயணத்துக்கு 1,236 கோடி, 2028 மார்ச்சில் கிளம்பணும். புதிய தலைமுறை ராக்கெட்டுக்கு 8,240 கோடி. ககன்யான் விரிவாக்கத்தோடு சொந்த விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியும் இருந்தது. செவ்வாய் அந்த லிஸ்டில் இல்லை.

விண்வெளித் துறைக்கு 2025-26 பட்ஜெட்டில் மொத்தமே 13,416 கோடிதான். மத்திய பட்ஜெட்டில் நூறு ரூபாய்க்கு 26 பைசா. இதற்குள் மனிதனை அனுப்பணும், நிலையம் கட்டணும், வானிலை, வழிகாட்டி செயற்கைக்கோள்களும் விடணும். வரிசையில் செவ்வாய் பின்னால் நிற்பதற்குக் காரணம் ஆசை இல்லாமல் இல்லை.

ஆனால், கிரகங்கள் பட்ஜெட் கூட்டத்தொடருக்காகக் காத்திருக்காது. 2026 இறுதியில் திறக்கும் ஜன்னலுக்கு நம்மிடம் விண்கலம் இல்லை. அடுத்தது 2028 இறுதி. மங்கள்யானைப் போல 15 மாதத்தில் முடிக்கும் வித்தை லேண்டருக்கு நடக்காது. அப்போது விண்கலத்தின் உடல் ஏற்கெனவே கையில் இருந்தது, இப்போது பாராசூட்டில் இருந்து புதிதாகத் தொடங்கணும். அமைச்சரவை ஒப்புதல் தாமதமாகத் தாமதமாக 2028-ம் நழுவும். அதற்கடுத்த பஸ் 2031 தொடக்கத்தில். அதற்கான பாகங்களுக்கு டெண்டர் வரும்போது, தகுதிச் சான்றோடு தயாராக நிற்கும் யூனிட்டுகளில் ஒரகடம் முகவரி எத்தனை இருக்கும் என்பது, அந்தப் பேப்பர் வேலையை இப்போதே யார் ஆரம்பிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.